கஞ்சி போட்ட லினன் டவுசர்

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகள் வசந்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு ஓர் உத்தரவு போட்டாள்.

“அப்பா, ஸ்கூல்ல எனக்குப் பிரைஸ் குடுக்கறாங்க. நீ வர்றதுன்னா வா. ஆனா அந்த அரை டவுசர் போட்டுக்கினு மட்டும் வராத. கலாஸ்.”

‘கலாஸ்’ என்றால் அரபியில் முடிந்தது, இனிமேல் பேச்சில்லை என்று அர்த்தம். தமிழில் ஆரம்பித்து அரபியில் கதவைச் சாத்துவது அவள் வழக்கம். நடுவில் கோபம் வந்தால் இங்கிலீஷ். வயது பதினாலு. நாலு வயதில் ஏடனுக்கு வந்தவள். குடியாத்தம் என்றால் அது ஊரா, ஸ்டேஷன் மட்டும்தானா என்று கேட்கிறாள்.

“அரை டவுசருக்கு இன்னா குறைச்சல்?” என்றேன்.

“எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா. கீழ இருந்து முட்டி வரைக்கும் சாக்ஸு. மேல இருந்து முட்டி வரைக்கும் டவுசரு. நடுவுல ரெண்டு முட்டியும் உருளைக்கிழங்கு மாதிரி.”

என் மனைவி கமலா வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தாள். புரை ஏறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த டவுசர் இல்லேன்னா நீ இங்க ஏதுடி? கேளு உங்கப்பனை” என்றாள்.

ஊர்க்காரர்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அரை டவுசரோடு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே நின்ற ஜட்கா வண்டிக்காரர் சலாம் வைத்து, தணிந்த குரலில், “யாரைப் புடிக்க வந்துக்கிறீங்க சார்?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு வந்தேன் என்று சொன்னால் நம்பவில்லை. வண்டியில் போகும்போதெல்லாம் எந்தத் தெருவில் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கும் என் மகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

வண்டிக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் முழங்கால் தெரிய டவுசர் போடுகிறவர்கள் மூன்றே பேர்தான். பள்ளிக்கூடத்துப் பையன், போலீஸ்காரன், வேலூர் ஜெயிலில் இருக்கிற கைதி. மீசை முளைத்த பிறகு டவுசர் போட்டால் மீதி இரண்டில் ஒன்று.

நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். ஆறாவது வரைக்கும் படித்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை என்று தறியில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் உட்கார முடியவில்லை. வாணியம்பாடிக்கு ஓடினேன். ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை கிடைத்தது. தோலை மயிர் கழலச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளே இறங்கி மிதித்துப் புரட்ட வேண்டும். அதில் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே வெந்து, ஆறி, திட்டுத் திட்டாக வெளுத்துப்போயின. சம்பளம் கிடைத்தது, சாப்பிட்டேன். அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தொட்டியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அதே கால்தான்.

பிறகு ஒரு மேஸ்திரி, நான் தோலைத் தடவுகிற விதத்தைப் பார்த்து, ரகம் பிரிக்கிற மேஜைக்கு மாற்றினார். அம்மை வடு எது, முள் கீறல் எது, கசாப்புக்காரனின் கத்தி பட்டது எது என்று விரலால் பார்த்துத் தனித்தனியாகப் போடுகிற வேலை. அந்த விரலை வைத்துக்கொண்டு பேரணாம்பட்டு, ஆம்பூர், பம்பாய் என்று ஒவ்வோர் இடமாகச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஏடனுக்குக் கப்பல் ஏறினேன்.

ஏடன் என்பது அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் கட்டிய ஊர். கோடையில் அது அணைந்துவிட்டது என்பதை நம்புவது கஷ்டம். பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று ஊரில் புலம்பியவன், ஆறே இல்லாத தேசத்துக்கு வந்து சேர்ந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வரும். அதை ரகம் பிரித்து லண்டனுக்கு அனுப்புகிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சேர்ந்தேன்.

அங்கே கணக்கு எழுதுகிறவர் காசிம் பாய். வாணியம்பாடிக்காரர். பார்த்த முதல் நாளே, “நம்ம ஊரா? அப்போ பேஜார் உட்டுது போ” என்று கட்டிக்கொண்டார்.

3

இரண்டு வருடம் கழித்துக் கமலா வசந்தியைத் தூக்கிக்கொண்டு பம்பாய் வழியாக வந்தாள். வந்தது விசிட் பாஸில். பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டிய பாஸ். நீட்டிக்க வேண்டும் என்று குடியேற்ற ஆபீஸுக்குப் போனேன்.

எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் தோல் மேஜையில் கற்றது. செலக்‌ஷன், ரிஜெக்ட், டேமேஜ், குட் லாட். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி என் மனைவியின் உடல்நிலை எப்படி என்று கேட்டார். “நோ டேமேஜ் சார்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நான் கம்பெனியில் ஸ்டாஃபா, லேபரா என்று கேட்டார். ஸ்டாஃப் என்றால் குடும்பம் கூட இருக்கலாம். லேபர் என்றால் குடும்பம் கப்பல் ஏற வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு லுங்கியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் மானேஜர் துரையிடம் போய்க் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. தோல் பார்ப்பது போலவே ஆளையும் பார்ப்பார், அவ்வளவுதான். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“லுங்கி கட்டினவனை ஸ்டாஃப் என்று எப்படி எழுதுவேன்? திங்கட்கிழமை லண்டனிலிருந்து சரக்கு வாங்குகிறவர் வருகிறார். அன்றைக்கு நீ ஸ்டாஃப் மாதிரி மேஜையில் நின்றால், மத்தியானமே உன்னோடு ஆபீஸுக்கு வந்து சொல்கிறேன்.”

அந்த வாரக் கடைசியில் பம்பாய்க் கப்பல். கமலா இரண்டு தட்டும் ஒரு சட்டியும் வாங்கிக் குடித்தனத்தை ஆரம்பித்திருந்தாள். வசந்தி என்னை அப்பா என்று கூப்பிட அப்போதுதான் பழகியிருந்தாள். அதுவரை ‘அந்த ஆளு’.

4

“ஸ்டாஃப் மாதிரின்னா இன்னா பாய்?” என்று காசிம் பாயைக் கேட்டேன்.

“கோடையில வெள்ளை லினன் அரை டவுசரு.”

“அய்யோ. பம்பாய்ல வாங்கின முழு டவுசரு ஒண்ணு இருக்குதே.”

“கருப்பு டவுசரா? அதை இந்த வெய்யில்ல ஓட்டல் வெயிட்டர்தான் போடுவான். தொரை உன்கிட்ட சோடா கேப்பாரு.”

லினன் துணி வாங்கினோம். ஓர் அரபுத் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். காசிம் பாய் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தினார்.

“முட்டிக்கு மேல நாலு விரல் இருக்கணும். அதுக்கு மேல போச்சின்னா ஸ்கூல் பையன். கீழ வந்துச்சின்னா போலீஸு. சட்டையை உள்ள உடு. பனியன் தெரியக்கூடாது. பெல்ட்டும் ஷூவும் ஒரே கலரு. துணி பெல்ட்டா கட்டிக்கினு வந்துக்கிறே? தோல்ல வேலை செய்யற ஆளு, மானம் போவுது தோஸ்த். சாக்ஸை முட்டிக்குக் கீழ மடிச்சி உடு. முட்டி ரெண்டும் வெளிய இருக்கணும், ஆனா அது இருக்குதுன்னே உனக்குத் தெரியாத மாதிரி நடக்கணும்.”

நீளக் காலுறையில் எனக்குச் சந்தோஷம்தான். வெந்த கால் இரண்டையும் அது மூடிவிட்டது. மீதியெல்லாம் கஷ்டம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாகவே மேலே ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டது. அதைவிடப் பெரிய தொல்லை கை.

நம் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டியிருக்கும்போது பெரியவர் யாராவது எதிரே வந்தால், கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்து விடும். மரியாதை. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அன்று சாயங்காலம் டவுசரைப் போட்டுக்கொண்டு ஒத்திகை நடந்தபோது துரை ஜன்னல் பக்கமாகப் போனார். என் இரண்டு கையும் டவுசரின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தன. அவிழ்த்துவிட அங்கே என்ன இருக்கிறது? துரை நின்று பார்த்துவிட்டு, “அவனுக்கு இடுப்பில் பெரிதாக இருக்கிறதா?” என்று காசிம் பாயைக் கேட்டார். போகிற போக்கில் இன்னொரு கேள்வி: “ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது?”

5

லினன் அப்படித்தான். ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தால் மாடு மென்று துப்பிய மாதிரி ஆகிவிடுகிறது. கமலா அதைக் கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்து, “இன்னாங்க இது, பாவுக்குக் கஞ்சியே போடாம நெஞ்சிக்கிறானுங்க?” என்றாள்.

அவளும் குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஊரில் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, தேங்காய் எண்ணெய் விட்டு, பிரஷ்ஷால் இழுத்து இழுத்துக் காயவைப்பார்கள். கஞ்சி வாசனைக்குத் தெருவில் இருக்கிற ஆடெல்லாம் வந்து நாக்கை நீட்டும். அதனால் பாவுக்குப் பக்கத்தில் குச்சியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். எனக்கு வீட்டில் கொடுத்த முதல் வேலையே அதுதான். அதிலும் நான் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

கமலா அரிசியைக் குழைய வேகவைத்து வடிகட்டினாள். எண்ணெய் விட்டாள். ஷூ பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி வரச் சொன்னாள். டவுசரைப் பலகையில் அறைந்து, பாவுக்குப் போடுகிற கெட்டிக் கஞ்சியை மூன்று தடவை தடவினாள். ஏடன் வெயிலில் அதைக் கயிற்றில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி போட்ட பிறகு தரையில் வைத்தாள். நின்றது. ஆள் இல்லாமல் டவுசர் மட்டும் தனியாக நின்றது. வசந்தி அதற்குள் தன் பொம்மையை இறக்கி வைத்து, கதவைத் தட்டுவது போலத் தட்டி விளையாடினாள்.

“இப்போ கசங்கட்டும் பாக்கலாம்” என்றாள் கமலா. முகத்தில் அவ்வளவு பெருமை. இரண்டு பாஸ்போர்ட்டையும் துணியில் சுற்றி, திங்கட்கிழமை காலையிலேயே குழந்தையோடு குடியேற்ற ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னாள். “நீங்க தொரையோட நேரா அங்க வந்துடுங்க.”

6

போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, உள்ளே நான் இருக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. நான் திரும்பினால் அது கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. நடந்தால் பதனிடாமல் காய்ந்த தோலைப் புரட்டுகிற சத்தம். தொடையில் அதன் ஓரம் அறுத்தது. உட்கார வழியே இல்லை, அதனால் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனேன்.

ஏடன் ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஆடு மேய்வதற்குப் புல் கிடையாது. தெருவில் திரிந்து அட்டைப்பெட்டி, சாக்கு, சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் தின்று உயிர் வாழ்கிற ஜாதி. அன்றைக்குக் காலையில் சில ஆடுகள் என் பின்னால் வந்தன. ஊரில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், ஆடும் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி முற்றத்தில் லண்டன்காரர் வந்திருந்தார். பருத்த மனிதர், முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. நான் மேஜைக்கு முன்னால் கம்பம் போல நின்று தோல்களை எடுத்து எடுத்துப் போட்டேன். துரை என் டவுசரைப் பார்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தலையை லேசாக அசைத்தார். கமலா தங்கிவிட்டாள் என்று அந்த நிமிஷத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது பின்னால் ஏதோ இழுத்தது.

தன் இனத்தின் தோல் கூரை வரை அடுக்கியிருக்கிற இடத்துக்குள் இவ்வளவு நிம்மதியாக நுழைகிற பிராணி வேறு இருக்க முடியாது. ஒரு வெள்ளாடு. டவுசரின் வலது கால் ஓரத்தை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து பலமாக இழுத்தது. நான் குனிந்து விரட்ட முடியாது, டவுசர் குனிய விடாது. கையை மட்டும் பின்னால் வீசினேன். கஞ்சி ஏறின லினன் கிழியவில்லை, உடைந்தது. இடுப்பு வரைக்கும் ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது. உள்ளே, கமலா பழைய குடியாத்தம் லுங்கியில் தைத்துக் கொடுத்த உள் டவுசர், சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது.

லண்டன்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி கீழே விழுந்தது. “அந்தக் கட்டம் போட்ட துணி நன்றாக இருக்கிறது” என்று வேறு சொன்னார். துரை சிரிக்கவில்லை. என்னை உள்ளே வரச் சொன்னார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஆட்டைத் தடவி ரிஜெக்ட் என்று தூக்கிப் போட்டவன் நான். ஒன்று வந்து பதிலுக்குச் செய்துவிட்டது. அறைக்குள் போகும்போது, கப்பலுக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் யோசித்தேன்.

துரை அலமாரியைத் திறந்து அவருடைய லினன் அரை டவுசர் ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தார். “போட்டுக்கொள். வந்தவர் முன்னால் அந்தக் கோலத்தில் நிற்காதே.” அதில் என்னைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். பெல்ட்டை இறுக்கினேன். பாவாடை போலச் சுற்றிலும் மடிப்பு விழுந்தது. மறுபடி மேஜைக்குப் போய் மீதித் தோலையும் பிரித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் துரை. மத்தியானம் என்னைக் காரில் ஏற்றினார். என்ன சொல்லப்போகிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

7

ஆபீஸ் பெஞ்சில் கமலா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாங்க, நம்ம டவுசரு எங்க?”

“ஆடு துன்னுட்ச்சி.”

அவள் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. “கஞ்சி போட்டதுக்குக் காவல் வெக்காமயா போனீங்க?” என்றாள். குடியாத்தத்தில் பிறந்த இரண்டு பேர், கஞ்சியை நினைவு வைத்து, எண்ணெயை நினைவு வைத்து, குச்சியோடு நிற்கிற ஆளை மறந்துவிட்டோம்.

அதிகாரி கூப்பிட்டார். என் கை இரண்டும் வழக்கம்போல டவுசர் ஓரத்தை இழுத்து மரியாதை செய்தன. இந்த முறை அது நிஜமாகவே கீழே இறங்கப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

“இவர் ஸ்டாஃபா, லேபரா?” என்று துரையைக் கேட்டார்.

துரை தொண்டையைக் கனைத்தார். “உண்மையைச் சொன்னால், இன்று காலையில்…” என்று ஆரம்பித்தார். அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. என் டவுசரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துரையின் இடுப்பைப் பார்த்தார். மறுபடி என்னுடையதைப் பார்த்தார். இருவரும் தினமும் சாயங்காலம் ஒரே கிளப்பில் உட்காருகிறவர்கள்.

“இவர் போட்டிருப்பது உங்களுடையதா?”

துரையின் காது சிவந்தது. “ஆமாம்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். துரைக்கு அப்போது இரண்டு வழிதான். தன்னுடைய டவுசரை ஒரு கூலிக்காரனுக்குக் கொடுத்ததாகச் சொன்னால் அன்று இரவுக்குள் கிளப் முழுக்கத் தெரிந்துவிடும். இல்லையென்றால் நான் கூலிக்காரன் இல்லை.

“ஸ்டாஃப்” என்றார் துரை. தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். “சந்தேகமில்லாமல் ஸ்டாஃப்.”

முத்திரை விழுந்தது. சத்தத்துக்கு வசந்தி திடுக்கிட்டு அழுதாள். கமலா அவளைத் தோளில் போட்டுத் தட்டினாள். நான் “குட் லாட் சார்” என்றேன்.

அந்த அறையை விட்டு வரும்போதுதான் கவனித்தேன். அதிகாரியின் டவுசர், துரையின் டவுசர், என் மேல் இருந்த டவுசர், மூன்றுமே கசங்கித்தான் இருந்தன. லினன் கசங்கலாம். அதிலேயே தூங்கி எழுந்தது போலவும் இருக்கலாம். அழுக்காக மட்டும் இருக்கக் கூடாது. ஒத்திகை அன்று துரை ஏன் கேட்டார் என்றால், கசங்கினதைப் போடுகிற அளவுக்கு எனக்கு இன்னும் உத்தியோகம் வரவில்லை. வந்த பிறகு யாரும் கேட்கவில்லை.

டவுசரைத் துவைத்து எடுத்துப் போய் நீட்டினேன். துரை வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒருவன் போட்ட டவுசரை இன்னொருவன் போடுவது அவர்களுக்கு ஆகாது. எங்களுக்கு ஆனது. கமலா பிரித்து, என் அளவுக்குப் பிடித்து, மிச்சத் துணியில் வசந்திக்கு ஒரு சட்டையும் தைத்தாள். வசந்தி உருளைக்கிழங்கு என்று சொல்கிற முட்டி தெரிவது அந்த டவுசரில்தான்.

8

இவ்வளவையும் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். முடிந்ததும், “அப்போ அந்த ஆட்டுக்குத்தான் தாங்க்ஸ் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல” என்றாள்.

“கஞ்சி நான் போட்டதுடி” என்றாள் கமலா.

விழா நாள் வந்தது. நான் பம்பாய் முழு டவுசரைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். வசந்தி வந்து பார்த்துவிட்டு அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“சரி, அந்த அரை டவுசரையே போட்டுக்கோ. ஆனா சாக்ஸு வேணாம். முட்டி வரைக்கும் சாக்ஸு இப்போ யாரும் போடறதில்லப்பா. செருப்பு மட்டும் போட்டுக்கினு வா, நல்லா இருக்கும்.”

லினன் டவுசரைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் காலுறையையும் மாட்டிவிட்டேன். உட்கார்ந்து காலுறை இரண்டையும் உருட்டிக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் பகலில், வாசலுக்குப் போகும்போது, அதைக் கழற்றியதில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

“இது இன்னா?”

“சுண்ணாம்பு.”

“எங்க?”

“வாணியம்பாடியில. நீ பொறக்கறதுக்கு முன்னாடி.”

“வலிக்குதா?”

“இப்போவா? இல்ல. அப்போவும் கொஞ்ச நாள்தான்.”

அவள் அந்த வெள்ளைத் திட்டு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள். நான் தோலைத் தடவுகிற மாதிரியே தடவினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுபடி காலுறையை மாட்டிக்கொள்ளச் சொல்வாள் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். அதையும் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

“அப்படியே வா. நேரமாச்சி, யல்லா” என்று முன்னால் நடந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை இரண்டும் டவுசர் ஓரத்துக்குப் போயின. வசந்தி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் பின்னால், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தின்றுகொண்டு ஓர் ஆடு நின்றது. இந்த டவுசரில் கஞ்சி கிடையாது, எனக்கும் தெரியும். இருந்தாலும் மிச்சமிருந்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.